சடுகுடுத் தலைவரும் குழந்தைச் சவர்க்காரமும்

ஒரு மனிதருக்குக் கெட்ட பெயர் வந்துவிடக்கூடாது என்று பயந்து, அவரைக் கேட்காமலே அவருடைய படத்தைச் சுவர்களிலிருந்து எடுத்துவிட்டால், அது அவருக்குச் செய்த உதவியா? இல்லை, ஊர் சொன்னதை நானும் ஒப்புக்கொண்டதாகுமா? இந்தக் கேள்வி என்னோடு பல ஆண்டுகளாக இருக்கிறது. ஒரு நாள் ஒரு பதில் சரியாகப் படுகிறது, மறுநாள் மற்றது.

சுங்கைப்பட்டாணியில் நான் வேலை பார்த்த விளம்பரக் கடைக்குப் புதிதாக இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்களாம். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு நான் அங்கே போவதில்லை. போன வாரம் முதலாளி வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளுக்கு பிஸ்கட் டின் ஒன்றைக் கொடுத்துவிட்டு, "ரீத்தா, நீ பட்டதையெல்லாம் கடைக்குப் புதுசா வந்த புள்ளைங்களுக்கு எழுதிக் குடும்மா. நான் சொன்னா திட்டுறேன்னு நினைக்கிறாங்க. தொழில்ல இருக்கிற மத்தவங்களும் படிக்கட்டும், விளம்பரக்காரங்க சங்கத்து மலர்ல போட்டுடுவோம்," என்றார். நான் பட்டதில் பாதி எனக்கே தெளிவாகவில்லை என்று சொன்னேன். அதையும் எழுது என்றார். அதனால் எழுதுகிறேன், தங்கைகளே. எப்படி வாசகம் எழுதுவது, எப்படி அச்சுக்கு அனுப்புவது என்பதையெல்லாம் அங்கே இருப்பவர்கள் உங்களுக்குக் காட்டிக் கொடுப்பார்கள். நான் சொல்லப்போவது காளிமுத்து அண்ணனைப் பற்றி.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. குழந்தைச் சவர்க்காரம் செய்கிற ஒரு சீன வியாபாரி, தவுக்கே என்போம், எங்களிடம் விளம்பரம் கேட்டு வந்தார். மேசைமேல் மற்ற நிறுவனங்களின் விளம்பரங்களைப் பரப்பி வைத்தார். எல்லாவற்றிலும் ஒரு தாய், மடியில் ஒரு குழந்தை.

"எல்லா சாபுன்லயும் அம்மா, அம்மா, அம்மா. போசான் லா!" என்றார். பார்த்துப் பார்த்து அவருக்குச் சலித்துப்போயிருந்தது. "எனக்கு வேற வேணும்."

வேறு என்றதும் என் நினைவுக்கு வந்தது புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பார்த்த காட்சி. துண்டறிக்கை கொடுக்கப் போயிருந்தபோது, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக் குழாயடியில் ஒருவர் சிமெண்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கால்களின் மேல் கைக்குழந்தையைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பெரிய மீசை. தோளெல்லாம் சடுகுடுவில் பட்ட தழும்பு. தண்ணீரை முழங்கையில் விட்டுச் சூடு பார்த்தார். நுரை கண்ணில் இறங்காமல் நெற்றியில் உள்ளங்கையை அணை போல வைத்துக்கொண்டார். குழந்தை அழவில்லை. அவர்தான் காளிமுத்து. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர், அந்தத் தோட்டத்துச் சடுகுடுக் குழுவின் தலைவர். அவர் மனைவி பாக்கியத்துக்கு அறுவை செய்து பிள்ளை எடுத்திருந்தார்கள். குனிய முடியாது. பாக்கியத்தின் தாய் வீடு பாலிங்கில். வந்து பார்க்க ஆளில்லை. அதனால் அவரே குளிப்பாட்டினார்.

கேமராவும் பிடிக்கத் தெரிந்த எங்கள் ஓவியர் சூசை அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய், படம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"என்னையா? சவர்க்காரத்துக்கா?" காளிமுத்து அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். "என் மூஞ்சியப் பார்த்தா கடையில இருக்கிற புள்ளைங்கல்லாம் அழும் லா, தங்கச்சி."

வாசலில் நின்ற பாக்கியம், "படம் புடிக்கிறதுன்னா சட்டையப் போட்டுக்குங்க," என்றார்.

"குளிப்பாட்டும்போது யாரு சட்டை போடுவா? நீ பேசாம இரு."

படத்தில் ஒரு பிரதி மட்டும் தனக்கு வேண்டும் என்றார் அண்ணன். நான் எழுதிய வாசகம் இதுதான்: ‘சடுகுடுவில் மடக்கும் கை. பிள்ளையைக் குளிப்பாட்டும் கை. இரண்டும் ஒரே ஆண் கை.’ எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்தச் சுவரொட்டியையும் முதலில் எதிரே இருக்கும் கோப்பிக் கடைச் சுவரில் ஒன்று ஒட்டிவிட்டு, ஒரு ஓரமாக உட்கார்ந்து கோப்பி குடிப்பார். ஜனங்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்பார். அன்று நானும் உடன் இருந்தேன்.

"யாருப்பா இது, நடிகரா?"

"நடிகருக்கு இப்படி வேர்க்குமா?"

"நல்லாத்தான் இருக்கு லா. என் பொண்டாட்டி பார்த்தா நான் செத்தேன்."

முதலாளி தலையாட்டினார். சரி, அச்சடிக்கலாம். அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் யாருக்கும் காளிமுத்துவைத் தெரியாது என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவில்லை. அவர்கள் பார்த்தது ஒரு படம். தோட்டத்தார் பார்க்கப்போவது தங்களோடு காலையில் பெரட்டில் வேலைக்கு வரிசையாக நின்று பெயர் கொடுக்கிற ஒரு ஆளை.

அந்தத் தோட்டத்தில் மாதம் ஒருமுறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். ரீல் மாற்றும்போது எங்கள் விளம்பர சிலைடு வரும். முதல் காட்சி அவர் தோட்டத்திலேயே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். சொந்த ஜனங்கள் முன்னால் அவர் முகம் அவ்வளவு பெரிதாக வந்தால் அவருக்கு மரியாதைதானே என்று நினைத்தேன்.

துணியில் படம் விழுந்ததும் விசில் பறந்தது. "டேய், நம்ம காளிமுத்துடா!" கைதட்டல். அப்புறம் வாசகத்தை யாரோ சத்தமாகப் படித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "அடுத்த மாசம் தாவணி கட்டி வருவாரா?" என்றது. திடலே சிரித்தது. "பாக்கியத்துக்கு மீசை ஒட்டி விடுங்கடா!" என்று இன்னொரு குரல். காளிமுத்து அண்ணனும் சிரித்தார். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்துவிட்டு, நிம்மதியாக வேனில் ஏறினேன்.

தங்கைகளே, கூட்டம் சிரித்தால் உங்கள் விளம்பரம் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அவர் மறுநாள் காலை எங்கே போய் நிற்கவேண்டும் என்று பாருங்கள். அன்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டதும் யாரோ குழந்தை போல அழுது காட்டினார்களாம். பிறகு அவர் வீட்டுக் கதவில் கண்ணாடி வளையல்கள் தொங்கின. சாமான் கடைச் சுவரொட்டியில் அவருக்குப் பொட்டு வைத்து, ரவிக்கை வரைந்திருந்தார்கள். இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார் என்றுதான் கேள்விப்பட்டேன். ஆனால் செர்டாங்கிலிருந்து ஒரு குழு பழக்க ஆட்டத்துக்கு வந்தபோது விஷயம் வேறாகிவிட்டது. கோட்டைத் தாண்டி வந்த அவர்களுடைய ஆள், ‘சடுகுடு சடுகுடு’ என்று பாடவேண்டிய இடத்தில் ‘குளிகுளி குளிகுளி’ என்று பாடிக்கொண்டே வந்தானாம். பார்க்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். காளிமுத்து அண்ணனின் தோட்டத்துப் பையன்களுக்கு மூச்சும் போய், மானமும் போய், ஆட்டமும் போயிற்று.

அந்த வாரம் குழுவில் இரண்டாவது ஆளான துரைசாமி, இன்னும் இரண்டு பேரோடு மோட்டார் சைக்கிளில் எங்கள் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எங்க கேப்டன வச்சு என்ன வேணா எழுதிக்குங்க, தங்கச்சி. சடுகுடுன்னு ஏன் எழுதுனீங்க? அது அவரு ஒருத்தருக்கா சொந்தம்? எங்க எல்லாருக்கும்தானே பேர் போவுது?"

அது நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் கேட்டேன், "அண்ணே, உங்க வீட்டுல புள்ளைய யாரு குளிப்பாட்டுறா?"

அவர் கடையின் தரையைப் பார்த்தார். "அது வீட்டுக்குள்ள. அது வேற."

கூட வந்தவர்களில் ஒருவன், "நம்ம துரைசாமி அண்ணனா குளிப்பாட்டுறாரு?" என்று சிரித்தான். துரைசாமி அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம், "பொங்கலுக்குள்ள படம் எல்லா இடத்துலேர்ந்தும் போயிடணும். இல்லன்னா காளிமுத்து அண்ணன் ஆட்டத்துல கெடையாது. வேற கேப்டன நாங்க பார்த்துக்குவோம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொங்கல் ஆட்டம் என்றால் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எல்லாம் கூடும். காளிமுத்து அண்ணன் பையனாக இருந்த காலத்திலிருந்து அதில் ஆடியவர். அந்த ஒரு நாள்தான் அவரை மேலே உள்ள கிராணிகளும் மண்டோர்களும்கூடப் பெயர் சொல்லி வாழ்த்துவார்கள். அதிலிருந்து அவரைத் தள்ளிவைக்கப் போகிறது என்னுடைய மூன்று வரி.

என்ன செய்வது என்று தெரியாமல் போகிற இடமெல்லாம் காது கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது ஒரு இளைஞர், புதிதாகத் தகப்பனானவர், தயங்கித் தயங்கி, "அந்தச் சவர்க்காரம் கண்ணுல பட்டா எரியாதுங்களா? நானே குளிப்பாட்டிப் பார்க்கலாம்னு," என்றார். எனக்கு அன்று முழுவதும் சந்தோஷம். மறுநாள் பாசாரில், தோட்டத்திலிருந்து வந்து கீரை விற்கும் ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானேம்மா அந்தப் படம் போட்டது? இருட்டுனதும் எங்க வூட்டுக்காரருதான் பின்னால புள்ளைக்குத் தண்ணி ஊத்துவாரு. யாருக்கும் தெரியாது. இப்ப ஊத்தச் சொன்னா, ‘நான் என்ன காளிமுத்தா?’ங்கிறாரு. நல்லா வச்சியேம்மா படம்!"

கோபமாகச் சொல்லவில்லை. கீரைக்கட்டைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. லயங்களில் எத்தனையோ ஆண்கள் பேச்சில்லாமல் செய்துகொண்டிருந்த ஒரு காரியம். நான் அதைப் பெரிய எழுத்தில் எழுதி வெளிச்சத்தில் தொங்கவிட்டதும், அவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். அந்த இளைஞர் ஒருவருக்காக இத்தனை பேரா? இல்லை, இந்த ஆண்கள் எப்படியும் ஒரு நாள் இழுத்துக்கொள்ளத்தான் போகிறவர்களா?

தவுக்கேக்கு ஒரு குழப்பமும் இல்லை. "எல்லாரும் திட்டுறான். எல்லாரும் வாங்குறான். பாகுஸ் லா, ரொம்ப நல்லது!" என்றார். இன்னும் அடிக்கச் சொன்னார். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தவுக்கேய நான் சமாளிச்சுக்குவேன். வைக்கிறதா எடுக்கிறதா, நீ சொல்லு. எழுதுனவ நீ. அந்த ஆளோட வூட்டுத் தண்ணி குடிச்சவ நீ. எனக்கு நாளைக்குக் காலையில பதில் வேணும்."

அன்று மாலை பேருந்து ஏறியிருந்தால் இருட்டுவதற்குள் புக்கிட் செலம்பாவுக்குப் போயிருக்கலாம். போய், ‘அண்ணே, என்ன செய்யட்டும்?’ என்று கேட்டிருக்கலாம். நான் போகவில்லை. கேட்டால் ‘உங்க இஷ்டம், தங்கச்சி’ என்றுதான் சொல்வார், மரியாதைக்காகத் தன் கஷ்டத்தை மறைத்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் கணவரிடம் கேட்டேன். "உனக்கு அது ஒரு வாசகம். அவருக்கு அது பேரு," என்றார். அது போதுமானதாக இருந்தது. காலையில் முதலாளியிடம், எடுத்துவிடலாம் என்றேன்.

நானும் சூசை அண்ணனும் ஈரத் துணியும் தகடும் எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனோம். நன்றாக ஊறிய காகிதம் முழுசாக வந்துவிடும். காளிமுத்து அண்ணனின் படம் மட்டும் துண்டு துண்டாகத்தான் வந்தது.

"அவரக் கேட்டியா?" என்றார் சூசை அண்ணன்.

"கேட்டா சரின்னுதான் சொல்லப்போறாரு, அண்ணே."

"அந்தச் சரியையாவது காதால கேட்டிருக்கலாம்."

அந்த இடங்களில் ஒரு தாயும் குழந்தையும் இருக்கும் படத்தை ஒட்டினோம்.

பொங்கலுக்குச் சற்று முன்னால் காளிமுத்து அண்ணன் கடைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கழட்டிட்டீங்களாமே, தங்கச்சி."

"உங்களுக்குப் பிரச்சினை வேணாம்னுதான், அண்ணே. பொங்கல் ஆட்டம் இருக்கே."

"இருக்கு, இருக்கு." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "நான் பசங்ககிட்ட சொல்லிட்டேன். படமும் இருக்கும், நானும் இருப்பேன், ஆடுறவன் ஆடுன்னு. சின்னப் பசங்க ரெண்டு பேரு என் பக்கம் வந்து நின்னானுங்க. துரைசாமியும் வந்திருப்பான். அவனும் புள்ளையக் குளிப்பாட்டுறவன்தான், எனக்குத் தெரியாதா? அவன் வாயத் தொறக்குற நேரத்துல நீங்க படத்தக் கழட்டிட்டீங்க."

நான் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினேன்.

"‘பார்த்தியா, அச்சடிச்சவங்களே வெக்கப்பட்டு எடுத்துட்டாங்க’ன்னான் ஒருத்தன். நான் அதுக்கு மேல என்ன பேசுறது? இப்ப என்னையே கேப்டனா இருக்கச் சொல்றாங்க. மன்னிச்சுட்டாங்களாம்." அவர் சிரித்தார். திடலில் சிரித்த அதே சிரிப்புத்தான். "என்ன தப்புக்கு மன்னிச்சீங்கன்னு கேட்டேன் லா. ஒருத்தனும் சொல்லல."

கோப்பி வாங்கி வரச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். கிளம்பும்போது, அவருக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்த பிரதியை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார். சுருட்டி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

பொங்கல் ஆட்டத்தில் அவர்கள் ஜெயித்தார்கள். துரைசாமிதான் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாராம்.

சில வாரங்கள் கழித்து பாக்கியத்தை சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைத் தடுத்தார்.

"நீங்க சுவத்துலேர்ந்து எடுத்ததுதான் நல்லது, தங்கச்சி. அந்த வளையலப் பார்த்ததுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. அவரு பெரிசா நிப்பேன் நிப்பேன்னாரு. நாங்களும்தானே அந்த லயத்துல இருக்கணும்?" குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டார். "இப்பவும் அவருதான் குளிப்பாட்டுறாரு. எனக்கு உடம்பு சரியானப்புறமும் விடமாட்டேங்கிறாரு. ஆனா குழாயடிக்குப் போறதில்ல. தண்ணியத் தூக்கிட்டு வந்து கதவச் சாத்திக்கிட்டு குளிப்பாட்டுறாரு. வீடெல்லாம் ஒரே ஈரம்."

அவர் சொன்னதில் எதை எடுத்துக்கொள்வது? எடுத்தது நல்லது என்பதையா, சாத்திய கதவையா? கணவன் சொன்னதும் மனைவி சொன்னதும் ஒரே வீட்டு உண்மைதான். இரண்டையும் ஒன்றாக வைக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

முதலாளி பாடம் எழுதச் சொன்னார். ஒன்றே ஒன்றுதான் உறுதியாகச் சொல்ல முடிகிறது. பதில் தெரியும் என்று நினைத்தாலும் ஆளைப் போய்க் கேளுங்கள். நான் காளிமுத்து அண்ணனுடைய பதிலை என் மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டு, அதையே அவர் பதில் என்று எடுத்துக்கொண்டேன். மற்றபடி, எடுத்தது சரியா, விட்டிருக்க வேண்டுமா என்று கேட்டால் இன்றும் தெரியாது. விட்டிருந்தால் துரைசாமி வாயைத் திறந்திருப்பார் என்பது காளிமுத்து அண்ணனின் நம்பிக்கை. திறக்காமலும் போயிருக்கலாம்.

இப்போது இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. முதலாளி வெறும் பிஸ்கட் டின்னோடு வரவில்லை. தவுக்கேயின் மகன் வியாபாரத்தை எடுத்து நடத்துகிறாராம். பழைய விளம்பரங்களைப் புரட்டியதில் காளிமுத்து அண்ணனின் படம் அவருக்குப் பிடித்துவிட்டதாம். காலம் மாறிவிட்டது, அதையே திரும்பப் போடலாம் என்கிறார். சூசை அண்ணனிடம் நெகடிவ் இன்னும் இருக்கிறது. காளிமுத்து அண்ணன் குடும்பம் தோட்டத்தை விட்டு வந்து இப்போது இதே ஊரில் இருக்கிறது, அவருக்குத் தொழிற்சாலையில் வேலை. கால்மேல் குப்புறக் கிடந்த அந்தக் குழந்தை தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். "இந்தத் தடவையும் நீயே சொல்லு," என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

காலம் மாறிவிட்டதா? என் வீட்டுக்காரர் எங்கள் சின்னவனைக் குளிப்பாட்டுவார். நன்றாகவே குளிப்பாட்டுவார். ஆனால் மாமியார் வந்திருக்கும் நாட்களில், இவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போகும்போதே நான் போய், மாமியார் பார்க்காதபடி பின்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். யாரும் சாத்தச் சொல்லவில்லை. அவரும் ஏன் என்று கேட்பதில்லை. ‘இரண்டும் ஒரே ஆண் கை’ என்று எழுதியவள் நான்தான்.

இந்தத் தடவை போய்க் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். சனிக்கிழமை போகிறேன். ஆனால் யாரைக் கேட்பது? நிற்பேன் என்று சொன்னவரையா? சோறு இறங்காமல் கிடந்த பாக்கியத்தையா? பள்ளிக்கூடத்தில் போய் உட்காரவேண்டிய அந்தச் சிறுமியையா? அண்ணன் சரி என்று சொல்லி, பாக்கியம் வேண்டாம் என்றால் நான் என்ன செய்வது? கேட்பதற்காக அவர்கள் வாசலில் போய் நிற்பதே ஆறின புண்ணைக் கிளறுவது ஆகிவிடுமா?

தொழிலில் மூத்தவர்களும், இப்போது சேர்ந்த தங்கைகளும், பிள்ளை பெற்றவர்களும், யாராயிருந்தாலும் எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். கடை முகவரிக்கு எழுதினால் முதலாளி கொண்டுவந்து கொடுப்பார். மலர் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்தச் சனிக்கிழமை போயிருந்தாலும் எழுதுங்கள். எங்கள் வீட்டு ஜன்னல் விஷயம் அப்போதும் முடிந்திருக்காது. அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.